அதே வெள்ளி

பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் சுசீலா தேவி லிக்மாபம் ஜூடோவில் வெள்ளி வாங்கிய செய்தி 2022 ஆகஸ்ட் 2-ஆம் தேதி பேப்பரில் வந்தது. அதைப் படித்துவிட்டுப் பக்கத்து வீட்டு அண்ணாச்சி என்னிடம் கேட்டார்: "ஏன் டீச்சர், இந்தப் பிள்ள 2014-லயும் வெள்ளிதான் வாங்கியிருக்கு. எட்டு வருசம் கழிச்சும் அதே வெள்ளின்னா, இடையில என்னதான் பண்ணுச்சு?"

அவர் குத்தலாகக் கேட்கவில்லை. பதக்கப் பட்டியலை மட்டும் பார்க்கிற யாருக்கும் வருகிற சந்தேகம்தான். நான் உடற்கல்வி ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் கணக்கில் அந்த இரண்டு வெள்ளியையும்விட, நடுவில் கிடக்கிற அந்த எட்டு வருடம்தான் பெரிய சாதனை. அதைச் சிவகாசிப் பக்கத்து எங்கள் ஆலங்குளத்துப் பிள்ளைகளுக்கும், அவர்களைவிட முக்கியமாக அவர்களைப் பெற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

சுசீலா மணிப்பூர்ப் பெண். இம்பாலை ஒட்டிய ஹெய்ங்காங் ஊர். 1995-இல் பிறந்தவர். அவர் குடும்பத்திலேயே தினித் என்றொரு சர்வதேச ஜூடோ வீரர் இருந்தார். அவர்தான் ஏழு வயதுப் பிள்ளையை இம்பாலின் குமான் லம்பாக் விளையாட்டு வளாகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் விட்டவர். கூடப்பிறந்தவரும் ஜூடோக்காரர். பிறகு பாட்டியாலா, அங்கே ஜீவன் சர்மா என்ற பயிற்சியாளர். 2014 ஜூலை 24-ஆம் தேதி, கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியின் முதல் நாளே, 48 கிலோ பிரிவில் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டார். எதிரே உள்ளூர்க்காரி, ஸ்காட்லாந்தின் கிம்பர்லி ரெனிக்ஸ். கூட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் கத்துகிறது. தோற்றாலும் வெள்ளி. சுசீலாவுக்கு அப்போது வயது 19.

ஜூடோ எங்கள் பக்கத்துக்குப் பழகிய விளையாட்டு இல்லை. கபடி தெரியும், வாலிபால் தெரியும், சிலம்பம் தெரியும். ஆனால் பள்ளிகளுக்கு நடக்கிற புதிய விளையாட்டுப் போட்டிகளில் ஜூடோவும் உண்டு. அப்படி ஒரு வருடம் எங்கள் பிள்ளைகள் சிலர் சேர்ந்தார்கள். வெளியூரிலிருந்து ஒரு மாஸ்டர் வந்து சொல்லிக் கொடுத்தார். நான் கூட இருந்து பார்த்தேன். எதிராளியை முதுகு படும்படி வேகமாக, பிடி தவறாமல் தூக்கிப் போட்டால் 'இப்போன்'. அதோடு ஆட்டம் முடிந்தது. மல்லாக்கப் போட்டு 20 விநாடி எழவிடாமல் அமுக்கிப் பிடித்தாலும் இப்போன்தான். சரியாக விழாத வீச்சுக்கு 'வாசா-ஆரி' என்று பாதிப் புள்ளி. பெண்களுக்கு ஆட்ட நேரம் நான்கு நிமிடம். அதற்குள் முடிவு தெரியாவிட்டால் 'கோல்டன் ஸ்கோர்': கடிகாரக் கணக்கே கிடையாது, முதல் புள்ளி எடுக்கிறவர் ஜெயித்தவர்.

டிவியில் பார்க்கிறவர்களுக்குத் தூக்கிப் போடுகிற அந்த ஒரு நொடிதான் கண்ணில் படும். பக்கத்தில் நின்று பார்த்தால் ஆட்டத்தில் முக்கால்வாசி கைச்சண்டை. அவள் சட்டைக் காலரை இவள் பிடிக்கப் பார்க்க, இவள் கையை அவள் தட்டிவிட, மறுபடி பிடிக்க, மறுபடி உதற. அந்த ஜூடோ டிரஸ் சாதாரணத் துணி இல்லை. சாக்குத் தடிப்பில் இருக்கும். மாவட்டப் போட்டி அன்று எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இரண்டு கையிலும் நடுவிரல் மூட்டைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு இறங்கினாள். முதல் நிமிடத்திலேயே கட்டை விரல் தோல் வழன்றுவிட்டது. காலரை மட்டும் விடவில்லை. கடைசியில் தோற்றுத்தான் வெளியே வந்தாள்.

அவள் அம்மா அன்று ஃபயர் ஆபீஸ் (பட்டாசு ஆலை) வேனுக்குப் போகாமல், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். பீஸ் கணக்கில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு நாள் என்பது என்ன என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். மகள் கையை மடியில் வைத்து பிளாஸ்டரை மெதுவாக உரித்தார். அவர் நகக் கண்ணில் அலுமினியப் பவுடர் சாம்பல் நிறத்தில் ஏறியிருந்தது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத நிறம் அது. "என் வெரலவிட உன் வெரல் மோசமால்ல இருக்கு தாயி" என்றார். மகள் சிரித்தாள். மறுநாள் சாயங்காலம் பயிற்சிக்கு வந்தாள், அடுத்த நாளும் வந்தாள். பத்தாம் வகுப்புப் பரீட்சை வந்ததும் நின்றுவிட்டாள். அப்புறம் வரவில்லை.

எங்கள் ஊரில் அநேகப் பிள்ளைகளின் கதை இங்கே முடிகிறது. சுசீலாவின் கதை இதைத் தாண்டி ஓடியது. எப்படி ஓடியது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் எடை. 48 கிலோ என்பது சீனியர் பெண்கள் ஜூடோவில் ஆகக் குறைந்த பிரிவு. போட்டிக்கு முந்தின நாள் எடை பார்ப்பார்கள். போட்டி அன்று காலையில் சிலரைக் குலுக்கல் முறையில் கூப்பிட்டு மறுபடி நிறுத்துவார்கள். 5 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கக் கூடாது, அதாவது 50.4 கிலோவைத் தாண்டக் கூடாது. மல்யுத்தத்தில் விதி வேறு. பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகத்தை 100 கிராம் கூடியதற்காகத் தகுதி நீக்கம் செய்ததை நாடே பார்த்தது. பத்தொன்பது வயதில் 48 கிலோவில் ஆடிய ஒரு பெண் இருபத்தேழு வயதிலும் அதே பிரிவில், அதே பலத்தோடு நிற்கிறார் என்றால் நடுவில் எத்தனை கல்யாண விருந்து, எத்தனை பண்டிகைச் சாப்பாடு தள்ளிப் போயிருக்கும். (இதைப் படித்துவிட்டு வளரும் பிள்ளைகளை எடைக்காகப் பட்டினி போட வேண்டாம். பள்ளிப் பருவத்தில் எடை கூடினால் மேல் பிரிவில் இறக்க வேண்டும். அவ்வளவுதான். எடையைக் கட்டுப்படுத்துவது முழுசாக வளர்ந்த பிறகு, டாக்டரும் பயிற்சியாளரும் பக்கத்தில் இருக்கும்போது செய்கிற காரியம்.)

அடுத்தது மேடை. காமன்வெல்த் போட்டியில் ஜூடோ எப்போதும் இருக்கிற விளையாட்டு இல்லை. நடத்துகிற நாடு விரும்பினால் சேர்க்கும். 1990-இல் இருந்தது, 2002-இல் இருந்தது, 2014-இல் இருந்தது. 2018-இல் ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டில் ஜூடோவே இல்லை. அண்ணாச்சி கேட்ட அந்த எட்டு வருடத்தில் பாதிக்கு இதுவே பதில். ஓட்டக்காரிக்கும் பளு தூக்குகிறவருக்கும் நான்கு வருடத்துக்கு ஒரு தடவை வருகிற வாய்ப்பு, இவருக்கு வரவில்லை. ஜெயிக்கத் தயாராக இருந்து என்ன, ஆடுவதற்கு இடமில்லை.

அதே 2018-இல் ஜகார்த்தா ஆசியப் போட்டி இருந்தது. அதற்கு முன்பாகத் தொடையின் பின்பக்கத் தசையில் காயம். அந்த ஆசியப் போட்டியும் போயிற்று. ஜூடோவில் பல வீச்சுகளுக்கு ஒற்றைக் காலில் நின்று மறுகாலை வீச வேண்டும், அதற்கு அந்தத் தசையின் பலம் வேண்டும். மனம் உடைந்து, ஊருக்குப் போய், ஜூடோவே வேண்டாம் என்கிற நிலை வரைக்கும் வந்தார். அப்புறம் திரும்பி வந்தார். திரும்பி வந்ததை நாம் ஒரு வரியில் எழுதிவிடுகிறோம். ஒரு விளையாட்டு வீராங்கனை காயத்திலிருந்து திரும்புவதைப் பக்கத்திலிருந்து பார்த்த எனக்குத் தெரியும், முதல் மாதம் முழுக்க அவளுக்குக் கொடுக்கிற வேலை நடக்கிறதும் காலை மடக்கி நீட்டுகிறதும்தான். நேற்றுவரை அவளிடம் தோற்ற பிள்ளைகள் ஜூடோ மேட்டில் ஆடிக்கொண்டிருப்பார்கள். இவள் சுவரோரம் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டிருப்பாள்.

பிறகு பணம். ஒலிம்பிக்குக்கு ஜூடோவில் தகுதி பெறுவது ஒரே போட்டியில் நடக்கிற விசயமில்லை. இரண்டு வருட காலம் நாடு நாடாகப் போய், ஒவ்வொரு போட்டியிலும் கிடைக்கிற புள்ளிகளைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் விமானச் செலவு, தங்குகிற செலவு. சுசீலா ஆசையாக வைத்திருந்த காரை விற்றார். மணிப்பூர் போலீசில் வேலையில் இருந்த பெண்ணுக்கே இந்த நிலை. விற்ற பணத்தில் போன போட்டிகளிலும் எல்லாவற்றிலும் ஜெயித்து வரவில்லை. சிலவற்றில் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினார். காரை விற்று வெளிநாடு போய், முதல் சுற்றில் தோற்று, விமானத்தில் திரும்பி வருகிறபோது மனம் என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த போட்டிக்கும் போனார்.

அப்புறம் கொரோனா. 2021 ஏப்ரலில் கிர்கிஸ்தானின் பிஷ்கெக்கில் ஆசிய ஓசியானியப் போட்டி. டோக்கியோவுக்குத் தகுதி பெற முக்கியமான இடம். இந்தியக் குழுவில் தொற்று கண்டுபிடிக்கப்பட்டு, ஆடாமலேயே மொத்தக் குழுவும் விலக வேண்டியதாகிவிட்டது. இதில் அவர் தப்பு எதுவும் இல்லை. ஜூனில் புடாபெஸ்ட் உலகப் போட்டிக்குப் போனார். ஆசியக் கண்டத்துக்கான ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. டோக்கியோவில் இந்தியாவுக்காக ஜூடோ ஆடியது அவர் ஒருவர் மட்டும்.

டோக்கியோவில் அவர் ஆடிய நாள் 2021 ஜூலை 24. கிளாஸ்கோ வெள்ளிக்குச் சரியாக ஏழு வருடம் கழித்து, அதே தேதி. எதிரே 2012 லண்டனில் வெண்கலம் வென்ற ஹங்கேரியின் ஏவா செர்னோவிச்கி. முழு நான்கு நிமிடம்கூட ஓடவில்லை. இப்போன். டோக்கியோ முடிந்தது.

அதே நாள், அதே டோக்கியோவில் மணிப்பூரின் இன்னொரு பெண் மீராபாய் சானு பளுதூக்குதலில் 202 கிலோ தூக்கி வெள்ளி வாங்கினார். நாடு முழுக்கக் கொண்டாட்டம். இதில் எனக்கு எப்போதும் மனதை உலுக்குகிற விசயம் ஒன்று உண்டு. 2014 கிளாஸ்கோவிலும் அதே ஜூலை 24-ஆம் தேதி, மீராபாயும் 48 கிலோ பிரிவில் வெள்ளி வாங்கியிருந்தார். ஒரே மாநிலம், ஒரே நாள், ஒரே எடை, ஒரே பதக்கம். ஏழு வருடம் கழித்து ஒருவர் கழுத்தில் ஒலிம்பிக் வெள்ளி, இன்னொருவர் முதல் ஆட்டத்திலேயே வெளியே. பார்க்கிறவர்கள் ஒப்பிடாமல் இருப்பார்களா? வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தாலே ஒப்பிடுகிறோம். ஆனால் மீராபாயின் 2016 ரியோவை யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை. ஆறு முயற்சியில் ஒன்றுதான் சரியாக வந்தது. மொத்தக் கணக்கே எழுத முடியாமல் வெளியேறினார். மறு வருடம் உலகச் சாம்பியன். சில பேருக்குத் தோல்வி முதலில் வந்துவிடும், சில பேருக்குப் பிறகு வரும். எல்லாருக்கும் வரும்.

சுசீலா டோக்கியோவோடு விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஒலிம்பிக் போய் வந்தாயிற்று, போலீஸ் வேலை இருக்கிறது. 2022 ஆகஸ்ட் 1-ஆம் தேதி பர்மிங்ஹாமில் அரையிறுதியில் மொரீஷியஸ் வீராங்கனையைத் தோற்கடித்து இறுதிக்கு வந்தார். தென்னாப்பிரிக்காவின் மிக்கேலா ஒயிட்பூயோடு நான்கு நிமிடமும் புள்ளி இல்லாமல் இழுத்து, கோல்டன் ஸ்கோர் வரை போய், ஒரு வாசா-ஆரியில் தங்கம் கை நழுவியது. அந்த வருடமே அர்ஜுனா விருது கிடைத்தது.

சிவகாசிப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு நான் சொல்ல வருவது மற்றவர்களைவிடச் சீக்கிரம் புரியும். போன வருடத்துப் பூச்சட்டியும் இந்த வருடத்துப் பூச்சட்டியும் ஒன்றுதானே என்று யாராவது கேட்கிறோமா? போன வருடம் எழும்பின உயரத்துக்கு, அதே நிறத்தில், நமுத்துப் போகாமல், பாதியில் அணையாமல் இந்த வருடமும் எழும்பினால் அதுதான் பேர். ஆடிப்பெருக்குக்குப் பூஜை போட்டு வியாபாரம் தொடங்குகிற கடைக்காரர் பழைய கம்பெனிப் பெட்டியைத் தேடி வாங்குவது அதற்காகத்தான். மழையில், மருந்து விலை ஏறினதில், கோர்ட் உத்தரவில், வேலை நின்று போன மாதங்களில் எல்லாம் தாக்குப்பிடித்து, தரம் இறங்காமல் வைத்திருக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம். கைவேலைக்கு நாம் கொடுக்கிற அந்த மரியாதையை ஒரு பெண்ணின் உடம்புக்கும் மனசுக்கும் கொடுக்க ஏன் தயங்க வேண்டும்?

உடம்பை வைத்துச் செய்கிற தொழிலில் 'அதே இடம்' என்பது சும்மா கிடைக்கிறதில்லை. ஒவ்வொரு வருடமும் புதிதாகப் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் வருகிறார்கள். உங்கள் ஆட்டத்தை வீடியோவில் பார்த்து, எந்தக் கையால் பிடிப்பீர்கள், எந்தப் பக்கம் திரும்புவீர்கள் என்று எல்லாம் படித்துவிட்டு வருகிறார்கள். நீங்கள் ஒரு வருடம் அசந்தால் இரண்டு படி கீழே. நேற்று இருந்த இடத்தில் இன்றும் இருக்க வேண்டுமென்றால் நேற்றையைவிடக் கூடுதலாக உழைக்க வேண்டும். அண்ணாச்சியின் கேள்விக்கு என் பதில் இதுதான்.

இந்தியா முழுசுக்கும் இந்த விளையாட்டில் நிலைமை என்ன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2012 லண்டனுக்கு கரிமா சவுத்ரி, 2016 ரியோவுக்கு அவதார் சிங், டோக்கியோவுக்கு சுசீலா, 2024 பாரிசுக்கு தூலிகா மான். நான்கு ஒலிம்பிக், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒருவர். நான்கு பேருமே முதல் ஆட்டத்தில் தோற்றார்கள். தூலிகாவுக்குக் கிடைத்த எதிராளி கியூபாவின் இடாலிஸ் ஓர்டிஸ், அதற்கு முந்தைய நான்கு ஒலிம்பிக்கிலும் பதக்கம் வாங்கியவர். 28 விநாடியில் முடிந்துவிட்டது. இந்தக் கணக்கைச் சொல்லி யாரையும் சிறுமைப்படுத்த முடியாது. வீட்டில் சண்டை போட்டுப் பழக பத்துப் பேர் இருந்தால்தான் வெளியே ஒருவர் ஜெயிப்பார். ஜப்பானில் பள்ளிக்குப் பள்ளி ஜூடோ இருக்கிறது. இங்கே தன் எடையில் தனக்குச் சமமாக ஒரு ஆளைத் தேடிப் பயிற்சி எடுப்பதற்கே ஊர் விட்டு ஊர் போக வேண்டியிருக்கிறது.

நம் ஊர்ப் பெற்றோர்களின் நியாயமும் எனக்குத் தெரியும். "இந்த சர்டிபிகேட் வேலைக்கு ஆகுமா டீச்சர்?" என்பதுதான் முதல் கேள்வி. விளையாட்டு ஒதுக்கீட்டில் தமிழ்நாட்டு அரசு வேலைகளில் 3 சதவீதம் இருக்கிறது. ஆசைப்படுவதில் தப்பில்லை. கஷ்டப்படுகிறவர்கள் கணக்குப் பார்க்கத்தான் செய்வார்கள். ஆனால் முதல் வருடமே சர்டிபிகேட் வரவில்லை என்று மேட்டை விட்டு இறக்கிவிட்டால், இரண்டாம் வருடம் வந்திருக்கக்கூடியதும் வராது. போன வருடம் மாவட்டத்தில் மூன்றாம் இடம், இந்த வருடமும் மூன்றாம் இடம் என்று ஒரு பிள்ளை வந்து சொன்னால், "அவ்வளவுதானா?" என்று கேட்காமல் சோறு போடுங்கள். அவள் வயசுக்கு வந்த வருடம், படிப்பு கூடின வருடம், வீட்டு வேலை கூடின வருடம். அந்த வருடத்திலும் மூன்றாம் இடத்தை விடாமல் பிடித்திருக்கிறாள்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பட்டாசு மருந்து ரூம் விபத்தில் கண் போனவர்கள், பார்வை மங்கினவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இதைக் கேட்க வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் செஹோர்க்காரர் கபில் பர்மார். சின்ன வயதில் வயலில் தண்ணீர் பம்பைத் தொட்டு மின்சாரம் தாக்கி, நாளடைவில் பார்வையை இழந்தவர். சகோதரரோடு டீக்கடை நடத்தியவர். 2024 செப்டம்பர் 5-ஆம் தேதி பாரிஸ் பாராலிம்பிக்கில் 60 கிலோ பிரிவில் பிரேசில் வீரரைத் தோற்கடித்து வெண்கலம் வாங்கினார். பாராலிம்பிக் ஜூடோவில் இந்தியா வாங்கிய முதல் பதக்கம் அது. பார்வையற்றோர் ஜூடோவில் ஒரு விதி உண்டு. நான் முன்னால் சொன்ன அந்தக் கைச்சண்டை அதில் கிடையாது. இரண்டு பேரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்ட பிறகுதான் நடுவர் ஆட்டத்தைத் தொடங்குவார். அதற்கப்புறம் எதிராளி எந்தப் பக்கம் சாய்கிறார், எந்தக் காலில் எடை வைக்கிறார் என்பதெல்லாம் கை வழியாகத்தான் தெரிய வேண்டும். கண் தெரிந்தவர்களிலும் நல்ல ஜூடோக்காரர்கள் அப்படித்தான் ஆடுகிறார்கள் என்று எங்கள் மாஸ்டர் சொல்வார்.

2026-இல் காமன்வெல்த் போட்டி மறுபடி கிளாஸ்கோவுக்கு வருகிறது. செலவைக் குறைத்து பத்தே விளையாட்டு என்று சுருக்கியிருக்கிறார்கள். ஹாக்கி இல்லை, பேட்மிண்டன் இல்லை, மல்யுத்தமும் இல்லை. ஜூடோ இருக்கிறது.

ஆலங்குளத்துக்கு என்ன வேண்டும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். போட்டி ஆடுகிற இடம் குறைந்தது 8-க்கு 8 மீட்டர். இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலமுள்ள மேட் 32 போட்டால் நிறைந்துவிடும். பயிற்சிக்கு அதில் பாதி போதும். ஒரு மண்டபத்தின் பந்திக்கூடம் அளவுக்கு இடம் இருந்தால் ஆயிற்று. இதுவரை நடந்தது என்னவென்றால், போட்டி வருகிறபோது எங்கிருந்தாவது மேட் இரவல் வாங்கி விரிப்பார்கள், முடிந்ததும் அடுக்கித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாவட்டப் போட்டி முடிந்த மறுநாள் சாயங்காலம் வந்த அந்தப் பிள்ளைக்கு விழுந்து பழக சிமெண்ட் தரைதான் மிச்சம். தரையில் யாரையும் தூக்கிப் போட முடியாது. அதனால் பிடி மட்டும் பழகிவிட்டுப் போனாள்.

ஊர்ப் பெரியவர்கள் சிலரிடம் பேசியிருக்கிறேன். தீபாவளி முடிந்து ஃபயர் ஆபீஸ் லீவு விடுகிற நாட்களில் உட்கார்ந்து பேசலாம் என்றிருக்கிறார்கள். மேட்டுக்குப் பணம் புரட்டிவிடலாம், அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஏழரை வரைக்கும், போட்டி இருக்கிற மாதமும் இல்லாத மாதமும், மேட் விரித்த அந்தக் கூடத்தைத் திறந்து வைத்து, கடைசிப் பெண் பிள்ளை வீடு போய்ச் சேருகிற வரைக்கும் பொறுப்பாக இருக்க ஒரு ஆள் வேண்டும். முதலில் அதைத்தான் கேட்கப் போகிறேன்.